ஜப்பானில் கிறிஸ்துமஸ்: கோழி வாளிக்கு முன்னால் என்ன இருந்தது?

#1 கரிசல்காரன்

டிசம்பர் பிறந்தால் போதும், அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும்: "ஜப்பானில் கிறிஸ்தவர்களே இல்லை. 1974-ல் ஒரு பொரித்த கோழிக் கம்பெனி விளம்பரம் போட்டது. அன்றிலிருந்து நாடே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு விளம்பரத்தால் ஒரு நாட்டுக்குப் பண்டிகை வந்துவிடுமா? அங்கே கிறிஸ்துமஸ் முதலில் எப்போது நுழைந்தது, எப்படிப் பரவியது, கேக்கும் கோழியும் எந்த வழியாக வந்தன என்று ஆண்டோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள். பொத்தாம் பொதுவாக வேண்டாம்.

#2 பஞ்சாங்கம்

கோழி இந்தக் கதையில் கடைசியாக வந்த விருந்தாளி. அதற்கு நூறு வருடம் முன்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1873-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, ஜனவரி 1 முதல் ஜப்பான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. அதுவரை சந்திரனை ஒட்டிய பழைய பஞ்சாங்கம்தான். அதில் டிசம்பர் 25 என்ற தேதியே கிடையாது. கிறிஸ்துமஸ் வருடத்துக்கு வருடம் வேறு வேறு நாளில் விழும். இரண்டாவது, பிப்ரவரியில் கிறிஸ்தவத் தடை அறிவிப்புப் பலகைகளை அரசு கழற்றியது. மேலை நாடுகள் கொடுத்த நெருக்கடிதான் காரணம். மதத்தை அங்கீகரிக்கிறோம் என்று சட்டம் எதுவும் போடவில்லை, பலகையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

தேதி, அனுமதி. இரண்டும் இல்லாமல் பொதுப் பண்டிகை கிடையாது. இரண்டும் ஒரே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தன.

தடை எப்போதிலிருந்து என்றால்: 1587-ல் அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷி பாதிரிமார்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரியில் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-ல் தொகுகாவா அரசு நாடு முழுவதற்கும் தடை போட்டது. 1873 வரை கூட்டிப் பாருங்கள், 259 வருடம்.

#3 முத்துக்குளித்துறை

பஞ்சாங்கம் சார் நடுவில் இருந்து தொடங்கிவிட்டார். தடைக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் இருந்தது. அதற்கு நம் கடற்கரையோடு உறவும் உண்டு.

1542-ல் தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் பரதவர் ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15-ல் ககோஷிமாவில் போய் இறங்கினார். வழிகாட்டி அஞ்சிரோ என்ற ஜப்பானியர். மலாக்காவில் சந்தித்து, கோவாவில் திருமுழுக்குப் பெற்றவர்.

ஆனால் ஜப்பானின் முதல் கிறிஸ்துமஸ் என்று பதிவாகியிருப்பதைக் கொண்டாடியது சவேரியார் அல்ல. 1551 கடைசியில் அவர் கிளம்பிவிட்டார். அவர் விட்டுச்சென்ற கொஸ்மே தெ தோரஸ் என்ற இயேசு சபைத் துறவிதான் 1552-ல் யமாகுச்சியில் உள்ளூர்க் கிறிஸ்தவர்களைக் கூட்டி கிறிஸ்துமஸ் திருப்பலி நடத்தினார். இடம் எது தெரியுமா? ஓஉச்சி பிரபு கொடுத்திருந்த தைதோஜி, ஒரு பாழடைந்த பௌத்தக் கோவில். இன்றைக்கும் யமாகுச்சி நகரத்தார் அதை விடவில்லை. டிசம்பர் மாதம் மட்டும் "கிறிஸ்துமஸ் நகரம்" என்று பெயரை மாற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பண்டிகைக்குப் பெயர் போர்த்துகீசியத்திலிருந்து வந்த "நதாரா". நம் பக்கம் மேசை, ஜன்னல், சாவி எல்லாம் வந்த அதே கப்பல்.

#4 சும்மா_வந்தவன்

259 வருடம் தடை என்றால் சுத்தமாகவே அழிந்துபோயிருக்குமே? இடையில் யாருமே கொண்டாடவில்லையா?

#5 முத்துக்குளித்துறை

இரண்டு இடத்தில் நடந்தது, இரண்டுமே மறைவாக.

ஒன்று, நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற செயற்கைத் தீவு. டச்சு வணிகர்களை அதற்குள்தான் அடைத்து வைத்திருந்தார்கள். பண்டிகை என்று வாயைத் திறக்க முடியாது. அதனால் "டச்சுக்காரர்களின் தோஜி" என்று பெயர் வைத்து விருந்து போட்டார்கள். தோஜி என்றால் வருடத்திலேயே பகல் குறுகிய நாள், டிசம்பர் 21, 22 வாக்கில் வரும். ஜப்பானியர்களும் அந்த நாளை அனுசரிப்பதால் அதிகாரிகளுக்கு உறுத்தவில்லை.

இன்னொன்று, ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள். இகித்சுகி, கோதோ தீவுகள், சொதோமே ஊர்கள். பாதிரியாரும் இல்லை, நாட்காட்டியும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கையால் பெயர்த்தெழுதிய நாட்கணக்கு ஏட்டை வைத்து, தோஜியை ஒட்டி "பிறப்பு" நாளைக் கணித்தார்கள். சொதோமே பக்கம் அந்த ஏட்டுக்கு பஸ்தியான் நாட்காட்டி என்று பெயர். ஊரில் நாட்கணக்கு பார்க்கத் தெரிந்தவர் என்பதே ஒரு தனிப் பொறுப்பு. ஏடு தொலைந்தால் பண்டிகையும் தொலைந்தது.

1865 மார்ச் 17-ல் நாகசாகி ஓஉரா ஆலயத்துக்கு வந்து பெத்திஜான் பாதிரியாரிடம் தங்களை அடையாளம் காட்டிக்கொண்டவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைய ஜப்பானின் கேக்கு-கோழிக் கிறிஸ்துமஸுக்கும் இவர்களுக்கும் தொடர்ச்சி எதுவும் இல்லை. அது வேறு வாசல் வழியாக வந்தது.

#6 பஞ்சாங்கம்

சரியாகச் சொன்னீர்கள். நான் ஆரம்பிக்க நினைத்ததும் அந்த வாசலில்தான்.

பலகை கழன்ற மறுவருடம், 1874. டோக்கியோ த்சுகிஜியில் வெளிநாட்டவர் குடியிருப்பு. அதே வருடம் திருமுழுக்குப் பெற்ற ஹரா தனேஅகி என்பவர் அங்கிருந்த மிஷன் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா நடத்தினார். அவர் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) அரசின் காவல் அதிகாரிக் குடும்பத்தைச் சேர்ந்த சாமுராய். ஜப்பானின் முதல் சாண்டா அங்கேதான் தோன்றியதாகச் சொல்வார்கள். சிவப்பு அங்கி இல்லை. கமிஷிமோ என்ற சாமுராய் மரியாதை உடை, தலையில் பொய்க்கொண்டை, இடுப்பில் வாள். பிரபு வீட்டு மனிதர் பரிசு கொடுக்க வந்த மாதிரி.

பிறகு சாண்டாவுக்கு "சன்தா குரோ" என்று ஜப்பானியப் பெயரே வைத்துவிட்டார்கள். சன்தா, குரோ இரண்டுமே அந்தக் காலத்து ஆண்பிள்ளைப் பெயர்கள். நம் ஊரில் சேவியர் சவேரியார் ஆன மாதிரி.

தேவாலயத்தை விட்டு வெளியே கொண்டுவந்தது மளிகைக் கடை. யோகோஹாமாவில் இறக்குமதிச் சரக்கு விற்றுக்கொண்டிருந்த மெய்தியா 1900-ல் டோக்கியோ கின்சாவுக்கு வந்தது. டிசம்பரில் கடை முகப்பை அலங்கரித்தது. பக்கத்துக் கடைகள் சும்மா இருக்குமா? சில வருடத்தில் கின்சா தெருவே டிசம்பரில் ஜோடித்து நின்றது. கவிஞர் மசாவோகா ஷிகி அதற்கு முன்பே, 1890-களிலேயே, கிறிஸ்துமஸை ஹைக்குவில் சேர்த்துவிட்டார். குளிர்காலத்தைச் சுட்டும் பருவச்சொல்லாக அது நிலைத்தது. கோழிக் கம்பெனிக்கு எண்பது வருடம் முன்னால்.

#7 யமாநோத்தே

எல்லாரும் தவறவிடும் ஒரு தேதி இருக்கிறது. 1926 டிசம்பர் 25. தைஷோ பேரரசர் இறந்த நாள்.

ஜப்பானில் முந்தைய பேரரசரின் நினைவு நாள் அரசு விடுமுறையாக இருந்த காலம் அது. அதனால் 1927 முதல் 1947 வரை, சரியாக 21 தடவை, டிசம்பர் 25 நாடு முழுவதும் விடுமுறை. காரணம் ஏசு அல்ல, தைஷோ. 1948-ல் புதிய விடுமுறைச் சட்டம் வந்ததும் அது நீங்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை டிசம்பர் 25 ஜப்பானில் வேலை நாள்தான்.

இதன் பலன் என்ன என்று பாருங்கள். மறுநாள் லீவு என்றால் 24 ராத்திரி ஊர் சுற்றலாம். 1920-களின் கடைசியிலும் 30-களின் முதல் பாதியிலும் கின்சாவின் மதுக்கூடங்கள், நடன அரங்குகள், ஓட்டல்கள் எல்லாம் 24 இரவைப் பிடித்துக்கொண்டன. காகிதத் தொப்பி, ஊதல், பண்டம், கூட்டம். ஜப்பானில் கிறிஸ்துமஸ் என்றாலே "ஈவ்" ராத்திரிதான், 25 அல்ல என்ற பழக்கம் வேரூன்ற இந்த லீவும் கைகொடுத்தது. 1937-ல் சீனாவோடு போர் தொடங்கியபின் அந்தக் கொண்டாட்டம் அடங்கிப்போனது.

இன்னொரு தற்செயல்: 1989 முதல் 2018 வரை அப்போதைய பேரரசர் அகிஹிதோவின் பிறந்தநாள் டிசம்பர் 23, அதுவும் விடுமுறை. முப்பது வருடம் மக்கள் 23-ல் வீட்டில் விருந்து வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பேரரசர் மாறியதும் அது பிப்ரவரி 23-க்குப் போய்விட்டது.

#8 சும்மா_வந்தவன்

துக்க நாளில் லீவு விட்டு அதில் காகிதத் தொப்பி போட்டு ஆடியிருக்கிறார்கள்!

#9 அடுமனை அக்கா

கேக்கைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் பண்டிகையை வீட்டுக்குள் கொண்டுவந்ததே கேக்குதான், கோழி இல்லை.

1910-ல் யோகோஹாமாவில் ஃபுஜியா என்ற இனிப்புக் கடை தொடங்கியது. அந்த வருடமே கிறிஸ்துமஸ் கேக் விற்றது. அது பழக் கேக், மேலே சர்க்கரைப் பூச்சு. இன்று நாம் படத்தில் பார்க்கும் வெள்ளை க்ரீமும் சிவப்பு ஸ்ட்ராபெரியும் பிறகு வந்தவை.

போருக்குப் பின்னால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது, 1952-ல்தான் நீங்கியது. இனிப்புக்கு ஏங்கிக் கிடந்த நாடு. கடைகள் கேக்கை அடுக்கின. ஆனால் அதில் இருந்தது பட்டர் க்ரீம், அதிலும் பாதி இடத்தில் மார்கரின். ஏன் தெரியுமா? கடையிலும் குளிர்பெட்டி இல்லை, வீட்டிலும் இல்லை. பட்டர் க்ரீம் குளிர்கால அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் தாங்கும், ரோஜாப்பூ பிழிந்தாலும் உருகாது. சில்லிட்டால் மெழுகு மாதிரி ஆகிவிடும், நாக்கில் ஒட்டும். அந்தத் தலைமுறைக்கு அதுதான் கிறிஸ்துமஸ் ருசி.

1960-களில் குளிர்சாதனக் கண்ணாடி அலமாரி கடைக்கும், ஃபிரிட்ஜ் வீட்டுக்கும் வந்தன. அதன்பின் தான் ஃபிரெஷ் க்ரீம் பட்டர் க்ரீமைத் தள்ளியது. ஜப்பானியர் "ஷார்ட் கேக்" என்று சொல்வது பிஸ்கட் மாதிரியான அமெரிக்கச் சரக்கு இல்லை. மெத்தென்ற ஸ்பஞ்ச், க்ரீம், ஸ்ட்ராபெரி. சிவப்பும் வெள்ளையும் அவர்களுக்கு மங்கல நிறம், கல்யாணத்துக்கும் அதுதான். ஆகவே அது அந்நியமாகப் படவில்லை.

#10 யமாநோத்தே

அக்கா சொன்ன "வீட்டுக்குள் வந்தது" என்பதை அடிக்கோடிட வேண்டும். 1950-களில் 24 இரவு என்பது ஆண்கள் குடித்துக் கும்மாளமிடும் இரவாகத்தான் மறுபடி கிளம்பியது. வருடக் கடைசி "போனென்காய்" விருந்துகள், டிசம்பர் போனஸ் பணம், மதுக்கூடக் கூப்பன் எல்லாம் சேர்ந்த கலவை. ராத்திரி கோணல் தொப்பியோடு, கையில் கேக் டப்பாவோடு கடைசி ரயிலில் வரும் அப்பா அக்காலத்துக் கேலிச்சித்திரங்களின் நிரந்தரக் கதாபாத்திரம். 60-களில் சம்பளம் ஏறி, புறநகரில் வீடு வாங்கி, தொலைக்காட்சி வந்து, அப்பா வீட்டுக்குத் திரும்பினார். டப்பா முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

புகைபோக்கி இல்லாத வீட்டில் சாண்டா எப்படி வருவார்? அதற்கும் வழி கண்டார்கள்: பரிசு பிள்ளையின் தலையணைப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரே பரிசுதான். மரத்தடியில் குவியல் எல்லாம் கிடையாது.

#11 கரிசல்காரன்

ஒரு சந்தேகம். ஸ்ட்ராபெரி வசந்தகாலப் பழம் இல்லையா? பனி பெய்யும் டிசம்பரில் நாடு முழுக்க கேக்குக்கு எப்படிக் கிடைக்கிறது?

#12 பசுமைக்குடில்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திறந்த வயலில் ஜப்பானிய ஸ்ட்ராபெரி மே மாதம்தான் பழுக்கும். டிசம்பருக்கு அதை இழுத்து வந்தது கேக் கடைதான். பண்டிகை ஒரு பயிரின் பருவத்தையே திருப்பிப் போட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். கேக் கடைக்குப் பழம் டிசம்பர் 20-க்குள் வேண்டும். பூ விரிந்ததிலிருந்து பழம் சிவக்க, தினசரி சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால் சுமார் 600 டிகிரி ஆக வேண்டும். பசுமைக்குடிலுக்குள் சராசரி 16 டிகிரி என்றால் 37, 38 நாள். அப்படியானால் பூ நவம்பர் 10-க்குள் விரிந்தாக வேண்டும். பூ விரிய வேண்டுமானால் செப்டம்பர் நடுவிலேயே நாற்றின் நுனிக்குள் பூமொட்டு உருவாகியிருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மொட்டு உருவாக மூன்று வேண்டும்: குறுகிய பகல், 25 டிகிரிக்குக் கீழே வெப்பம், செடியில் தழைச்சத்துக் குறைவு. ஆகஸ்ட் ஜப்பானில் இதில் முதல் இரண்டும் கிடையாது. ஆகவே செடியை ஏமாற்றுகிறார்கள்.

முறை 1: மலையேற்றம். தோசிகி மாகாணத்து விவசாயிகள் கோடையில் நாற்றுகளை நிக்கோவில் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள சென்ஜோகஹாரா மேட்டுநிலத்துக்கு ஏற்றினார்கள். அங்கே ஆகஸ்டிலும் குளிர். செப்டம்பரில் லாரியில் இறக்கி சமவெளிக் குடிலில் நடுவது.

முறை 2: இரவுக் குளிரூட்டல். தொட்டியில் வளர்த்த நாற்றை மாலை 5 மணிக்கு இருட்டுக் குளிரறைக்குள் தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுப்பது. 8 மணி நேரப் பகல், இரவு 10 முதல் 15 டிகிரி. இப்படி மூன்று வாரம். தட்டுகளுக்குச் சக்கரமும் தண்டவாளமும் வைத்திருப்பார்கள்.

நடும் நாளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மாதிரி நாற்று சிலவற்றை எடுத்து, இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, நுனியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நுனி தட்டையாக இருந்தால் இன்னும் இலைதான் விடப்போகிறது. கும்மென்று மேடு தட்டியிருந்தால் மொட்டு பிறந்துவிட்டது, நடலாம். அவசரப்பட்டு முன்னால் நட்டால் வேர் உரம் பாய்ச்சிய மண்ணில் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். செடி கொழுக்கும், பூ வராது. டிசம்பர் போய்விடும்.

செப்டம்பர் வெயில் கடுமையாக இருக்கும் வருடங்களில் இதுதான் நடக்கிறது. மொட்டுத் தள்ளி, அறுவடை ஜனவரிக்குப் போய், கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை எகிறும். கேக் கடைக்காரர் மேலே முழுப் பழத்துக்குப் பதில் பாதி வெட்டி வைப்பதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, மகரந்தம். குடிலுக்குள் தேனீப்பெட்டி வைப்பார்கள். நவம்பரில் மூன்று நாள் மூடமாகவும் குளிராகவும் இருந்தால் தேனீ வெளியே வராது. பழம் கோணலாகிவிடும். கேக் மேல் வைக்க லாயக்கில்லை, ஜாமுக்குத்தான்.

#13 சும்மா_வந்தவன்

மரம் ஜோடிப்பது நமக்கு டிசம்பரில். அவர்களுக்கு கிறிஸ்துமஸ் வேலை ஆகஸ்டிலேயே.

#14 யமாநோத்தே

இப்போது கோழிக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தியில் தேதி சரி, மிச்சம் பாதிதான் சரி.

கென்டக்கி (கே.எஃப்.சி.) ஜப்பானில் 1970-ல் வந்தது. ஒசாகா உலகக் கண்காட்சியில் சோதனைக் கடை, நவம்பரில் நாகோயாவில் முதல் கடை. நாடு தழுவிய கிறிஸ்துமஸ் விளம்பரம் 1974 டிசம்பரில். வாசகம் "குரிசுமசு நி வா கென்தக்கீ", அதாவது கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதை உண்டு. கம்பெனி சொல்வது: டோக்கியோ அஓயாமா கடைக்கு வந்த வெளிநாட்டு வாடிக்கையாளர், இங்கே வான்கோழி கிடைக்கவில்லை, அதனால் இந்தக் கோழியை வைத்துக் கொண்டாடப்போகிறேன் என்றாராம். இன்னொன்று, முதல் கடையின் மேலாளராக இருந்து பின்னாளில் தலைவரான ஒகவாரா தகேஷி சொன்னது: ஒரு பள்ளியின் கிறிஸ்துமஸ் விழாவுக்குச் சாண்டா வேடத்தில் கோழி கொண்டுபோனதில் பிடித்துக்கொண்டதாம். மேல்நாட்டில் கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழி சாப்பிடுவது வழக்கம் என்று தொலைக்காட்சியில் பொய் சொன்னதாகவும் அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

எது உண்மையானாலும், விளம்பரம் வெறுமைக்குள் விழவில்லை. கறிக்கடைகள் அதற்கு முன்பே டிசம்பரில் கோழித் தொடையை வாட்டி, எலும்பு நுனியில் வெள்ளித்தாளும் ரிப்பனும் சுற்றி விற்றன. பிராய்லர் வந்து கோழி மலிவாகியிருந்தது. ஜப்பானிய அடுக்களையில் ஓவன் அரிது. மீன் வாட்டும் சின்னத் தட்டுதான் இருக்கும், அதில் முழுக்கோழி நுழையாது, வான்கோழியைப் பேசவே வேண்டாம். கேக்கும் கடையில்தான், கோழியும் கடையில்தான். ஒரே டப்பாவில் அடக்கிக் கொடுத்ததுதான் கென்டக்கியின் சாமர்த்தியம். வாசலில் நிற்கும் கர்னல் பொம்மையும் தாடியோடு இருந்தது கூடுதல் வசதி. சிவப்புச் சட்டை மாட்டினால் சாண்டா.

நடைமுறை தெரியாமல் போய் ஏமாறுகிறவர்களுக்கு: 23, 24, 25 மூன்று நாளும் கடையில் வழக்கமான பட்டியல் இருக்காது. கிறிஸ்துமஸ் தொகுப்புகள்தான் பிரதானம். முன்பதிவு நவம்பரிலேயே தொடங்கிவிடும். பதிவில் நாள், கடை, அரைமணி நேர வேளை மூன்றையும் குறிக்க வேண்டும். 24 மாலை 5 முதல் 7 வரையிலான வேளைதான் முதலில் தீரும். முன்பதிவுக்கும் நேரடியாக வருகிறவர்களுக்கும் தனித்தனி வரிசை. ரசீதை மறந்தவர் தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பது வருடா வருடம் நடப்பது.

#15 அடுமனை அக்கா

கேக்கு முன்பதிவிலும் இதே கதைதான், அதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 25 ராத்திரிக்குள் விற்காத கேக் குப்பை. அதனால் பல்பொருள் கடைகளில் வேலை பார்க்கும் மாணவர்கள் தலையிலேயே "இத்தனை கேக் விற்றுக் கொடு" என்று இலக்கு வைத்து, விற்காததை அவர்களையே வாங்க வைக்கும் வழக்கம் இருந்தது. "தானே வெடித்துக்கொள்ளும் விற்பனை" என்றே அதற்குப் பெயர். உணவு வீணாவது பேசுபொருளானபின் முன்பதிவுக்கு மட்டும் செய்வது பரவி வருகிறது.

உறைநிலையில் கூரியரில் வரும் கேக்கும் பெருகிவிட்டது. 2023-ல் ஒரு பெரிய அங்காடி இணையத்தில் விற்ற சுமார் 2,900 கேக்குகளில் 800-க்கும் மேற்பட்டவை இடிந்த நிலையில் வீடு போய்ச் சேர்ந்தன. உறைகேக்கில் இரண்டைப் பார்க்க வேண்டும்: நடுப்பகுதி வரை உறைய நேரம் கொடுத்தார்களா, வழியில் குளிர் அறுந்ததா. வெளியே கல்லாகவும் உள்ளே க்ரீமாகவும் இருந்தால் முதல் குலுக்கலிலேயே சரியும்.

#16 பஞ்சாங்கம்

இதோடு அந்தப் பழைய கேலியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 80-களில் திருமணமாகாத பெண்களைக் "கிறிஸ்துமஸ் கேக்" என்றார்கள்: 24 வரை கிராக்கி, 25 தாண்டினால் தள்ளுபடி. இன்று முதல் திருமணத்தின் சராசரி வயதே 30-ஐ ஒட்டி வந்துவிட்டது. கேலி செய்தவர்களே காலாவதி.

அதே 80-களில்தான் பண்டிகை காதலர்களிடம் போனது. பணம் கொழித்த காலம். 1988-ல் தொடங்கிய ஜே.ஆர். தோகாய் ரயில்வேயின் தொலைக்காட்சி விளம்பரங்கள், புல்லட் ரயிலில் வந்திறங்கும் காதலனுக்காக நிலையத்தில் காத்திருக்கும் பெண்ணைக் காட்டின. 24 இரவு ஓட்டல் அறை, பிரெஞ்சு உணவகம், நகை என்று ஒரு முழுப் பொட்டலம். பொருளாதாரம் சரிந்தபின் அந்த ஆடம்பரம் குறைந்தது. ஜோடிகளின் நாள் என்பது மட்டும் நின்றது. குடும்பத்தோடு இருக்க வேண்டிய நாள் புத்தாண்டுதான்.

#17 முத்துக்குளித்துறை

அங்குள்ள கிறிஸ்தவர்களை விட்டுவிடாதீர்கள். மக்கள்தொகையில் ஒரு சதவீதம் அளவுதான். 24 மாலை ஆலயங்களில் மெழுகுவர்த்தி வழிபாடு நடக்கும், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய வருவார்கள். வேடிக்கை என்ன என்றால், திருச்சபைக் கணக்கில் கிறிஸ்துமஸ் காலம் 25-ல்தான் தொடங்குகிறது. நகரத்தில் 25 இரவோடு எல்லாம் முடிந்தது.

#18 யமாநோத்தே

முடிவது என்றால் லேசுப்பட்ட முடிவு இல்லை. 25 கடையடைத்ததும் ஊழியர்கள் மரத்தைப் பிரிக்கிறார்கள். 26 காலை அதே இடத்தில் கதோமத்சு என்ற மூங்கில்-பைன் கொத்தும், வைக்கோல் புரியும் நிற்கும். கேக் இருந்த அலமாரியில் அரிசிக் கொழுக்கட்டையும் மீன் பணியாரமும். ஏன் இவ்வளவு அவசரம்? புத்தாண்டு அலங்காரத்தை 28-க்குள் வைத்துவிட வேண்டும். 29 ஆகாது, ஒன்பதின் ஒலி "கஷ்டம்" என்ற சொல்லோடு ஒத்துப்போகிறது. 31-ல் வைத்தால் ஒரே ராத்திரி அலங்காரம், சாவு வீட்டை நினைவூட்டும். 30 சிலருக்குச் சரி. ஆகவே கடைக்காரருக்குக் கையில் இருப்பது இரண்டரை நாள். கிறிஸ்துமஸ் அங்கே சுலபமாக ஊன்றியதற்கும் இதே காரணம்தான்: புத்தாண்டின் இடத்தை அது கேட்கவில்லை, அதற்கு முன்னால் காலியாக இருந்த வாரத்தில் உட்கார்ந்துகொண்டது.

#19 கரிசல்காரன்

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. அடுமனை அக்கா, அந்தக் கேக்கின் அளவையும் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் க்ரீமில் வருமா?

#20 அடுமனை அக்கா

ஜப்பானில் கேக் அளவை எண்ணால் சொல்வார்கள். ஓர் எண்ணுக்கு 3 செ.மீ. 5-ஆம் எண் என்றால் 15 செ.மீ., நாலைந்து பேருக்கு. அந்த அளவுக்கு:

முட்டை 2 பெரியது, ஓடு நீக்கி 110 கிராம். சர்க்கரை 60. மைதா 50-உடன் சோளமாவு 10 (நம் மைதா கொஞ்சம் இழுக்கும், அதற்குத்தான் சோளமாவு). வெண்ணெய் 15, பால் 15. ஸ்பஞ்சில் தடவும் பாகுக்குச் சர்க்கரை 20, தண்ணீர் 50 மி.லி. க்ரீம் 300 மி.லி., அதற்குச் சர்க்கரை 24. ஸ்ட்ராபெரி கால் கிலோ.

முட்டையையும் சர்க்கரையையும் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 40 டிகிரி வரை சூடாக்கி அடியுங்கள். கரண்டியால் கோடு போட்டால் நாலைந்து விநாடி அழியாமல் நிற்க வேண்டும். பிறகு குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம், பெரிய குமிழ் உடைவதற்கு. மாவைச் சலித்துப் போட்டு அடியிலிருந்து மடித்துக் கலக்குங்கள். வெண்ணெயும் பாலும் சூடாக, 60 டிகிரியில் இருக்க வேண்டும். ஆறிய வெண்ணெய் அடியில் இறங்கும், கேக்கின் கீழே ரப்பர் மாதிரி ஒரு பட்டை தெரிவது இதனால்தான். 170 டிகிரியில் 25 முதல் 28 நிமிடம். எடுத்ததும் தட்டோடு ஒரு சாண் உயரத்திலிருந்து மேசையில் ஒரு முறை போடுங்கள். உள்ளே இருக்கும் நீராவி வெளியேறும், நடுவில் குழி விழாது.

பழத்தை ஊறவைத்துக் கழுவாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். ஈரம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் க்ரீமில் சிவப்பு வடியும்.

க்ரீம்: கடையில் பரவலாகக் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புப் பாக்கெட் எத்தனை அடித்தாலும் நிற்காது. 35 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். மேல்பூச்சுக்கு நுனி வளையும் பதத்தில் நிறுத்துங்கள், உள்ளே வைப்பதற்கு இன்னும் கொஞ்சம். மஞ்சள் தட்டி மணல் மணலாகத் தெரிந்தால் வெண்ணெய் பிரிய ஆரம்பித்துவிட்டது. அடிக்காத க்ரீம் இரண்டு கரண்டி விட்டுக் கையால் மெல்லக் கலக்கினால் தப்பிக்கலாம், அதைத் தாண்டினால் ரொட்டிக்குத் தடவத்தான். தாவரக் கொழுப்பு விப் டாப்பிங் என்றால் அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், 24 கிராமை விட்டுவிடுங்கள்.

#21 பசுமைக்குடில்

பழத்துக்குக் கவலை வேண்டாம். மஹாபலேஷ்வர் வரத்து டிசம்பரில் தொடங்கிவிடும். டப்பாவைக் கவிழ்த்து அடி வரிசையைப் பார்த்து வாங்குங்கள், மேல் வரிசை எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.